முதுகு முன்னே, வாய் பின்னே

படவேட்டில் எழுந்தருளியிருக்கும் ரேணுகாம்பாளை நாம் சிரசு வடிவில் தரிசிக்கிறோம். அந்தச் சிரசுக்குப் பின்னால் ஒரு கூரிய ஆயுதத்தின் கதை இருக்கிறது. ஜமதக்னி முனிவரின் பத்தினியான அன்னை, ஆற்று மணலைக் குடமாக வனைந்து அதில் நீர் கொணரும் ஆற்றல் பெற்றிருந்தாள். ஒருநாள் நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைக் கண்டு ஒரு கணம் வியந்தாள், குடம் கரைந்தது. சினம் கொண்ட முனிவர் மகனுக்கு ஆணையிட்டார். தந்தை சொல்லைத் தட்டாத பரசுராமர், பெற்றவளின் தலையைக் கோடரியால் துண்டித்தார். பிறகு தந்தை அளித்த வரத்தைக் கொண்டே தாயை உயிர்ப்பிக்க வேண்டினார். இது நம் பகுதியில் குழந்தைகளும் அறிந்த வரலாறு.

திருமலையிலும் ஒரு கோடரி உண்டு. புற்றுக்குள் இருந்த பெருமாளுக்குப் பால் சொரிந்த பசுவை இடையன் அடிக்க ஓங்கியபோது, அந்த வெட்டு எம்பெருமானின் திருமுடியில் விழுந்தது என்பர். அந்த இடத்தில் முடியில்லாமற் போனதைக் கண்ட நீலாதேவி, தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்தாள். அடியார்கள் செலுத்தும் முடியெல்லாம் அவளையே சேரும் என்று பெருமாள் அருளியதாகக் கர்ண பரம்பரைக் கதை கூறுகிறது.

இரண்டு தலங்களிலும் கோடரி தலையில் விழுந்தது. இரண்டு தலங்களிலும் இன்று பக்தர்கள் தலைகுனிந்து முடி காணிக்கை செலுத்துகிறார்கள். சினத்தின் கையில் இருந்த கூர்மை சிரசை வெட்டியது. பணிவின் கையில் இருக்கும் கூர்மை முடியை மட்டும் எடுத்து, குழந்தையின் தலையைப் பூப்போல விட்டுவிடுகிறது. கூர்மை ஒன்றுதான். அதைப் பழக்குவது எது என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குக் கிடைத்த விடை, நான்கு விரற்கடை அகலமுள்ள ஒரு பருத்தித் துணி.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த எங்கள் ஆரணியைப் பற்றி வாசக அன்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தசரதர் மகப்பேறு வேண்டி வேள்வி செய்த இடம் என்று போற்றப்படும் புதுக்காமூர் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இங்குதான் உள்ளது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. என் தந்தையார் தறி நெய்தவர். விடியற்காலையில் தெருவில் நெடுகப் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, இழை ஒட்டாமல் பிரித்துவிடும் காட்சியைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பல் துலக்குவோம். பாவு தெருவில் இருக்கும்வரை வண்டிகள் சுற்றிப் போகும்.

அந்தத் தெருவுக்கு முடி திருத்த வந்த பெரியவரை எல்லோரும் 'பண்டிதர்' என்றே அழைத்தார்கள். அவர்கள் மரபுக்கு 'மருத்துவர்' என்ற பெயரும் உண்டு. அது வெறும் மரியாதைச் சொல் அன்று. கட்டிக்கு மருந்து வைப்பதும், எலும்பு பிசகினால் நீவி விடுவதும் அவர் வேலையாக இருந்தன. அவருடைய மனைவியார் தெருவில் பல பிள்ளைகளின் பிறப்புக்குத் துணை நின்ற மருத்துவச்சி. என்னையும் என் தங்கையையும் முதன்முதலில் கையில் ஏந்தியவர் அந்த அம்மையார்தாம். பண்டிதரின் கையில் எப்போதும் 'அடைப்பம்' என்னும் தோல் உறை இருக்கும். கத்தி, கத்தரி, சாணைக்கல், கிண்ணம், நகவெட்டி எல்லாம் அதில் அடங்கும். கத்தி தீட்டும் தோல்வார் ஒன்றும் அதில் இருந்தது.

என் தங்கைக்கு இரண்டு வயது முடிந்திருந்த காலம். அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் அவள் கண் திறவாமல் கிடந்த ஓரிரவில், பிழைத்து எழுந்தால் படவேட்டுக்கு அழைத்து வந்து முதல் முடி இறக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டார். அம்மன் அருளால் குழந்தை எழுந்தாள். மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் அம்மையின் தடங்கள் தலை முழுவதும் இருந்தன. பொருக்கு உதிர்ந்த இடங்களில் தோல் இளஞ்சிவப்பாக, வெங்காயச் சருகுபோல மெலிந்திருந்தது. சில இடங்களில் சிறு மேடுகள். அந்தத் தலையில் கத்தி வைப்பதா என்று பாட்டிக்கு அச்சம். வேண்டுதலைத் தள்ளிப் போடுவதா என்று அம்மாவுக்கு அச்சம்.

அப்பா பண்டிதரை வரவழைத்தார். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் தலை முழுவதும் மெல்லத் தடவிப் பார்த்தார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவர் விரல்களே படித்தன.

"இப்ப வேண்டாம். ஆடி மாசம் ஆகட்டும். அதுக்குள்ள தோல் இறுகிடும். கத்தியை நான் பார்த்துக்கிறேன்" என்றார். பிறகு அப்பாவிடம், "ஐயா, எனக்கு ஒரு துணிவார் நெய்து தர முடியுமா? அம்மன் வேலைக்குத் தோல் வேண்டாம்னு பார்க்கிறேன். துணின்னா கத்தியோட வாயும் இன்னும் பதமா வரும்" என்று கேட்டார்.

கத்தியின் கூர்ப் பகுதிக்கு 'வாய்' என்று பெயர். அதற்கு எதிர்ப்புறம் தடித்திருப்பது 'முதுகு'. இந்த இரண்டு சொற்களையும் அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

"பட்டிலேயே நெய்து தரட்டுமா பெரியவரே?" என்று அப்பா கேட்டார்.

"பட்டை அம்மனுக்குச் சாத்துங்க ஐயா. கத்திக்குப் பருத்தி போதும். ஈரத்தை நல்லா வாங்கும்."

அப்பா முறுக்கிய பருத்தி நூலில், ஊடையை நெருக்கி அடித்து, நான்கு விரற்கடை அகலத்தில், ஒன்றரை முழ நீளத்தில் ஒரு வார் நெய்தார். அச்சில் அடித்த அடியில் அது பலகைபோல் நின்றது. அவர் கண்ணுக்கு அது குறையில்லாத நெசவு. பண்டிதர் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருவிரல் நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நெசவு முடிஞ்சுது. இனிமேல்தான் வார் ஆகணும். ஒரு மாசம் ஆகும்."

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பண்டிதர் வீட்டுத் திண்ணைக்கு ஓடிவிடுவேன். ஒரு துணியைப் பழக்க ஒரு மாதம் ஏன் வேண்டும் என்பது அங்கேதான் விளங்கிற்று.

முதலில் கஞ்சியைப் போக்க வேண்டும். தறியிலிருந்து இறங்கிய துணியில் கஞ்சி ஏறியிருக்கும். அது நெசவுக்கு வலிமை, கத்திக்கோ பகை. "கஞ்சி இருக்கிற துணியில கத்தியைப் போட்டா, மணல்ல போட்ட மாதிரி தம்பி" என்பார். இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பூந்திக்கொட்டை போட்டுக் கொதித்த நீரில் அலசினார். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நாட்கள் இப்படிச் செய்தார். ஒருமுறைகூட முறுக்கிப் பிழியவில்லை. முறுக்கினால் இழைகள் கோணிவிடும்; கோணிய இழைமேல் கத்தி நேராக ஓடாது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தியே நீரை வடித்தார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா தறிக்குழியிலிருந்தபடியே தலையசைத்தார். பட்டுக்கும் இதே விதிதான் என்றார். புழு நூற்ற பட்டிழையின் மேல் ஒரு பசை மூடியிருக்கும். காய்ச்சாத பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருப்பது அதனால்தான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் காய்ச்சும்போது அந்தப் பசை கரைந்து போகிறது. நூலின் எடையில் 100க்கு 20 முதல் 25 பங்கு வரை அத்துடன் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய எடையைக் கொதிநீரில் விடுவதற்கு எந்த நெசவாளியும் வருந்துவதில்லை. எடை குறைந்தால்தான் மென்மையும் ஒளியும் வரும்.

அடுத்தது இழுப்பு. பண்டிதர் வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் அம்மிக் குழவியைத் தொங்கவிட்டு நிழலிலேயே காயவைத்தார். புதுத் துணி நாளாவட்டத்தில் நீளும். அந்த நீட்சியை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். கத்தி ஓடும்போது துணி தொய்ந்தால், அதன் வளைவில் வாய் உருண்டு மழுங்கிவிடும். "தொய்ஞ்ச துணி தீட்டின கத்தியையும் கெடுக்கும்" என்பது அவர் சொல்.

பிறகு இழைகளைப் படியவைக்கும் வேலை. என்னைக் கமண்டல நாகநதிக்கு அனுப்பி, நீரில் உருண்டு வழவழப்பான கூழாங்கல் ஒன்று எடுத்துவரச் சொன்னார். துணியைப் பலகைமேல் விரித்து, அந்தக் கல்லால் நெடுக்காகவே தேய்த்தார். குத்திட்டு நின்ற பஞ்சு நுனிகள் நாளுக்கு நாள் படிந்தன. அதன்பின் வெள்ளைச் சோப்பின் நுரையை மெல்லிதாகத் தடவி, கல்லால் இழைகளுக்குள் அழுத்தி ஏற்றி, காயவிட்டு மறுபடியும் தேய்த்தார். சோப்பு இழைகளின் இடைவெளியை நிரப்பித் துணிக்கு ஒரு சீரான பிடிப்பைத் தரும். நுரை ஏற்றிப் புட்டியால் தேய்த்துத் துணிவாரைப் பழக்கும் முறை மேலைநாட்டு நாவிதர்களிடமும் இருந்ததைப் பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

எண்ணெயை மட்டும் கிட்டே சேர்க்கமாட்டார். எண்ணெய் பட்ட துணி தூசியைப் பிடித்துவைக்கும். ஒரு மணல் துகள் போதும், வாயில் பல் விழுந்துவிடும். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கையோடு நான் வந்தால், சாம்பலிட்டுக் கழுவிய பிறகே துணியைத் தொட விடுவார்.

கடைசிப் பத்து நாட்கள் வேறெதுவும் இல்லை, உள்ளங்கைதான். துணி இளஞ்சூடு காணும்வரை மேலிருந்து கீழாக நீவிக்கொண்டே இருப்பார். நீவும்போது வாய் ஏதோ முணுமுணுக்கும். ரேணுகா தேவியின் நாமம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நூறு முறை நீவினால் நூறு நாமம். நானும் கணக்குப் பார்த்துக்கொண்டே நீவியிருக்கிறேன். விறைப்பாக வந்த துணி, ஒரு மாதத்தில் வெற்றிலைபோல் குழைந்தும், வெயிலில் காய்ந்த தோல்போல் இறுகியும் ஒருசேர இருந்தது.

அப்போதும் கத்தியின் வாயை அவர் துணியில் வைத்துவிடவில்லை. முதல் இரண்டு நாள் முதுகை மட்டும் வைத்து ஓட்டினார். பிறகு பழைய கத்தி ஒன்றை ஓட்டினார். அதில் குறை தென்படவில்லை என்று கண்ட பிறகே நல்ல கத்தி வந்தது.

சாணைக்கல்லில் தீட்டிய கத்தியே போதாதா, துணி எதற்கு என்று நான் கேட்டேன். அவர் விளக்கியது இதுதான். கல் இரும்பைத் தேய்த்துக் கூர் ஆக்கும். ஆனால் அந்தக் கூரின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிசிர் நிற்கும். அது ஓரிடத்தில் இடப்பக்கமும் ஓரிடத்தில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். அப்படியே தலையில் வைத்தால் முடியோடு தோலையும் வாரும். துணி இரும்பை வெட்டுவதில்லை; தேய்ப்பதும் அரிது. சாய்ந்ததை நிமிர்த்தும், ஒட்டியதைத் துடைக்கும், ஈரத்தை வாங்கித் துருவைத் தடுக்கும். மனித முடியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்ல சவரக் கத்தியின் வாய், அந்த முடியின் பருமனிலும் நூற்றில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு நுண்ணிய இடத்தில் கல்லுக்கு வேலை இல்லை. மெத்தென்ற ஒன்றுக்குத்தான் வேலை.

"மழுங்கின கத்திதான் தம்பி காயப்படுத்தும். அதை அழுத்தணும். நல்லாப் பதமான கத்திக்கு அழுத்தமே வேண்டாம். தன் கனத்துலேயே போயிடும்."

பிறகு ஓட்டும் முறையைக் காட்டினார். இடக்கையால் வாரின் முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைத் தட்டையாகத் துணிமேல் வைக்க வேண்டும். முதுகும் வாயும் இரண்டுமே துணியைத் தொட்டிருக்க வேண்டும். அந்த நிலையில், முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர வேண்டும். கோடியை அடைந்ததும் கத்தியை முதுகின்மேல் புரட்டி, மறுபடியும் முதுகு முன்னே செல்லத் திரும்பி வர வேண்டும். ஒருபோதும் வாயின்மேல் புரட்டலாகாது. துணியில் 20 முறை போய்வந்த பின், தம் உள்ளங்கையில் பத்து முறை மெல்ல ஓட்டி முடிப்பார். அந்த உள்ளங்கையில் ஒரு கீறலையும் நான் கண்டதில்லை.

"முதுகு முன்னே, வாய் பின்னே. இதை மறந்து வாயை முன்னே விட்டா துணியும் போச்சு, கத்தியும் போச்சு."

ஆடி வெள்ளியின் கூட்டத்தைத் தவிர்த்து, அம்மாதத்தின் ஒரு செவ்வாயன்று புறப்பட்டோம். சந்தவாசல் வழியாகப் படவேட்டை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பண்டிதரையும் அவர் மனைவியாரையும் அப்பா உடன் அழைத்து வந்திருந்தார். மரத்தடியில் துணிவாரைக் கிளையில் கட்டி, பண்டிதர் கத்தியை ஓட்டினார். 'சரக்... சரக்...' என்று தொடங்கிய ஓசை, சிறிது நேரத்தில் பட்டுப் புடைவை உரசுவதுபோல் மென்மையாயிற்று. அது மாறும்வரை அவர் நிறுத்தவில்லை.

அம்மா, "அண்ணா, அந்த நெற்றிப் பக்கத்துத் தழும்பு..." என்று தொடங்கி முடிக்கமாட்டாமல் நின்றார்.

"எனக்குத் தெரியும் தாயி. ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு விரல்ல இருக்கு. நீங்க அம்மனைப் பாருங்க."

வெந்நீரால் தலையை நெடுநேரம் நனைத்துக்கொண்டே இருந்தார். முடி நன்கு ஊறிய பின்பே கத்தி உச்சியைத் தொட்டது. ஒவ்வொரு தழும்பையும் அணுகும்போது இடக்கை விரல்கள் முதலில் சென்று தோலை இழுத்துப் பிடிக்கும். கத்தி பின்னால் வரும். நடுநடுவே எழுந்து போய்த் துணியில் பத்து முறை ஓட்டி வருவார். தங்கை அழத்தான் தொடங்கினாள். மருத்துவச்சி அம்மையாரின் மடியில், அந்தக் குரலும் தண்ணீரின் சூடும் சேர, பாதி முடி இறங்கும்போது உறங்கிவிட்டாள். எல்லாம் முடிந்து சந்தனம் பூசும்போது அம்மா குனிந்து பார்த்தார். தலையில் எங்கும் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. பேசிய கூலிக்கு மேல் அப்பா நீட்டியதைப் பண்டிதர் வாங்கவில்லை. "வேண்டுதல் நிறைவேறினதுல எனக்கும் பங்கு உண்டில்லையா ஐயா?" என்றார். சந்நிதியில் எங்கள் வரிசையில் அவரும் நின்றார்; அர்ச்சனைக்கு அவர் குடும்பத்துப் பெயர்களையும் சேர்த்து அப்பா சொன்னார்.

அதன்பின் ஆயுத பூஜை வரும்போதெல்லாம் அப்பா நாடாவுக்குப் பொட்டு வைப்பார். பண்டிதர் வீட்டில் கத்திக்கும் அந்தத் துணிவாருக்கும் பொட்டு இருக்கும்.

வடநாட்டிலே பண்டரிபுரத்து விட்டலனின் அடியாரான சேனா நாவிதரின் வரலாற்றை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அவர் பூஜையில் ஆழ்ந்திருந்தபோது அரசனிடமிருந்து அழைப்பு வந்தது. பூஜை முடியாமல் அவர் எழவில்லை. அடியவருக்குத் தீங்கு நேராதபடி, விட்டலனே சேனாவின் உருவில் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குச் சென்று அரசனுக்குப் பணி செய்தான். எண்ணெய்க் கிண்ணத்தில் தெரிந்த நிழலில் அரசன் திருமாலின் வடிவைக் கண்டான் என்பது வரலாறு. அந்தப் பக்தரின் பாடல் ஒன்று சீக்கியர்களின் ஆதி கிரந்தத்திலும் இடம்பெற்றுள்ளது. ஆண்டவன் கையில் எடுக்கத் தகாத தொழில் என்று எதுவும் இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

காலம் மாறிற்று. சென்னையில் 1986ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தொற்று இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்கு வைப்பதைப் பற்றிய விழிப்பு மக்களிடையே பரவியது. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சிலவும் இரத்தத்தின் வழியே பரவுபவை. துணி கத்தியைத் துடைக்கும், கிருமியைக் கொல்லாது. மாறாக, ஒருவர் தலையிலிருந்து வந்ததைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அடுத்த கத்திக்கும் கொடுக்கும். பழையதெல்லாம் உயர்ந்தது என்று பேசும் வயதுதான் நமக்கு. ஆனால் இந்த ஒன்றில் புதியதே தர்மம். திருமலைக் கல்யாணகட்டாவிலும் நம் திருக்கோயில்களிலும் ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு என்ற முறை வந்தது நன்மைக்கே.

இதை முதலில் ஏற்றுக்கொண்டவரும் பண்டிதர்தாம். அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மகனுக்குப் பிளேடு மாட்டும் கத்தியைத் தாமே வாங்கிக் கொடுத்தார். உங்கள் கைத்திறன் வீணாகிறதே என்று யாரோ சொன்னபோது, "என் திறமை பெரிசா, பிள்ளைங்க தலை பெரிசா?" என்று கேட்டுவிட்டு, துணிவாரைச் சுருட்டி மஞ்சள் துணியில் கட்டி வைத்தார். தமது முகத்தை மழித்துக்கொள்ள மட்டும் அதைக் கடைசிவரை எடுத்தார். இப்போது அது அவர் மகன் வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. என் பேரனுக்கு முடி இறக்கிய அந்த மகனும், பிளேடைப் பிரித்து எங்களுக்குக் காட்டிய பிறகு, இடக்கை விரல்களை முதலில் குழந்தையின் தலையில் ஓடவிட்டார். பிளேடு புதிது, விரல்கள் பழையவை.

தமிழகத்தில் இந்து சமய அறநிலையத் துறையின் திருக்கோயில்களில் முடி காணிக்கைக்கான கட்டணம் 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆயினும் முடிக்கூடத்தில் நாம் நடந்துகொள்ளும் முறைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதை யாரும் நீக்கவும் இல்லை. குழந்தையின் தலையை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அவரிடம் அவசரப்படுத்தாமல் இருக்கலாம். புதிய பிளேடு மாற்றச் சொல்வதைக் கனிவாகச் சொல்லலாம். தலையில் மருவோ தழும்போ இருந்தால் முன்கூட்டியே விரலால் தொட்டுக் காட்டலாம். முடியை நன்றாக நனைக்க நேரம் கொடுக்கலாம். அவர் பெயரைக் கேட்டு, சந்நிதியில் அவருக்காகவும் ஒரு நொடி கை கூப்பலாம்.

துணிவாரின் காலம் முடிந்தாலும் அதன் பாடம் முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதுமையில் நமக்குக் கைவலிமை குறைகிறது, கால்வலிமை குறைகிறது. குறையாமல் கூடுவது ஒன்று உண்டு. அது சொல்லின் கூர்மை. அறுபது எழுபது ஆண்டுகளின் அனுபவம் அதைச் சாணைக்கல்லாகத் தீட்டி வைத்திருக்கிறது. மகனிடத்தும் மருமகளிடத்தும் நாம் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். உண்மைக்கும் பிசிர் உண்டு. பிசிரோடு வைத்தால் முடியோடு தோலும் வரும்.

நாமஜபம் என்பது கல் அன்று, துணி. அது நம்மைப் புதிதாகக் கூர் ஆக்குவதில்லை. சாய்ந்திருப்பதை நிமிர்த்துகிறது, ஒட்டியிருப்பதைத் துடைக்கிறது. அந்தத் துணியும் முதல் நாளே பயன் தராது. முதலில் நம் விறைப்பு என்னும் கஞ்சி போக வேண்டும். எடை குறைய வேண்டும். தினந்தோறும் உள்ளங்கைச் சூடு பட வேண்டும். நூற்றெட்டு முறை சொல்லியும் மனம் படியவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொள்ளலாம்; பண்டிதர் ஒரு நாளும் துணியைக் கடிந்துகொண்டதில்லை.

படவேட்டு அன்னையின் சிரசின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பரசுராமரின் கோடரி தாயின் கழுத்தை அடைந்தது ஒரு கணத்தில், ஒரு சொல்லில். வாய் முன்னே சென்ற கணம் அது. அவர் வரமாகக் கேட்டதோ தாயின் உயிரை. அங்கே குனிந்து வேண்டியது முதுகு. அந்த வளைந்த முதுகுக்குத்தான் அன்னை இன்றும் அருள் சுரந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரு கடுஞ்சொல் நாவின் நுனிக்கு வரும்போது, அதை வெளியே விடுவதற்கு முன் ரேணுகாம்பாளின் திருநாமத்தில் இருபது முறை ஓட்டிப் பாருங்கள். முதுகு முன்னே செல்லட்டும். வாய் பின்னே வரட்டும்.